சீர்ப் பாத்திரங்களின் சாட்சி

ரசாக் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் கிருபாசங்கர் முதலில் கவனித்தது அவர் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத்தான். பீளமேட்டில் ஒரு மாவு மில்லுக்கு மேலே மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மில் மேனேஜர்கள். புது மிஷின் ஓடினால் தரை நடுங்குகிறது என்பார்கள். அலுவலகத்தை நடத்துகிற கோமளா போய் நடுக்கத்தை அளந்து, அஸ்திவாரத்தில் கோளாறு எங்கே என்று சொல்லிவிட்டு வருவார். இப்படிச் சட்டையெல்லாம் மண்ணோடும் அறுந்த பட்டனோடும் அந்தப் படியேறி யாரும் வந்ததில்லை.

"எங்காவது வழுக்கி விழுந்துட்டீங்களா பாய்?" என்றார் கிருபாசங்கர்.

"இல்லீங்க. பெரியாஸ்பத்திரி வாசல்ல ஒரு பொம்பளை மண்ணை வாரித் தூத்திப்போட்டா. அவ மேல தப்பில்லீங்க."

கோமளா பேனாவை மூடி வைத்தார். நாற்பத்தைந்து வயது. மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். பேசுகிறவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாத பழக்கம். கிருபாசங்கருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மூடிப்போன ஒரு மில்லில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே கூட்டாளியாகச் சேர்ந்தவர். ஆர்வத்துக்குக் குறைவில்லை, பொறுமையைத்தான் ஆண்டவன் கொஞ்சம் சிக்கனமாகக் கொடுத்துவிட்டான்.

ரசாக் நிதானமாகச் சொன்னார். தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு கல்குவாரி. அங்கே பாறைக்கு வெடி வைப்பது அவர் வேலை. தினமும் சாயங்காலம் சங்கு ஊதி, ஆட்களை விலக்கிவிட்டு வெடிப்பார்கள். முந்தாநாளும் அப்படித்தான். ஆனால் அதே சமயத்தில் ஓடையம்பதியில் ராசாத்தாள் என்பவரின் கிணற்றுச் சுவர் சரிந்துவிட்டது. உள்ளே தூர் வாரிக்கொண்டிருந்த சின்னான்மேல் கல் விழுந்து இரண்டு காலும் முறிந்துவிட்டன.

"நான் மருந்தைக் கூட்டிப் போட்டுட்டேன்னு ஊரே சொல்லுதுங்க. பக்கத்துத் தோட்டத்து லட்சுமணசாமியண்ணன் பெட்டிசன் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுத்துப்போட்டாரு. இன்ஸ்பெக்டரு நாளைக்கழிச்சு ஸ்டேசனுக்கு வரச் சொல்லியிருக்கறாரு. உள்ளே வெச்சிருவாங்க."

"கூட்டிப் போட்டீங்களா?"

"இல்லீங்கம்மா. என்னைக்கும் போடற அளவுதான்."

கிருபாசங்கர் தண்ணீர் டம்ளரை நீட்டினார். ரசாக் அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஓடையம்பதியில பத்து வருசமா எந்த ஊட்டு வாசல்ல நின்னாலும் வாங்கன்னு சொல்லி முதல்ல ஒரு சொம்புத் தண்ணி கொடுப்பாங்க. நேத்து அந்த ஊர்ல நாலு வாசல்ல நின்னேன். ஒருத்தரும் கொடுக்கலீங்க. மண்ணைத் தூத்துனவ சின்னான் சம்சாரம் பழனியாத்தா. சின்னானும் நானும் சேந்து பாறை உடைச்சவங்க. லைசென்சு போனாக்கூட வேற பொழப்புப் பாத்துக்கலாம். அவன் காலை நான் முறிச்சேன்னு அவன் நெனச்சுட்டுக் கெடக்கறான் பாருங்க, அதுதான் தாங்க முடியலீங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிருபாசங்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோமளா மட்டும் ரசாக்கையே பார்த்து, "தண்ணியைக் குடிங்க பாய். நாங்க போய்ப் பாக்கறோம்" என்றார்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டர் தொண்டாமுத்தூரை நெருங்குவதற்குள் கிருபாசங்கர் வழக்கை முடித்துவிட்டார்.

"மேடம், ஆளு நல்லவருதான். ஆனா கை தவறி மருந்து அதிகமாகியிருக்கும். கிணறு தானா இடியுமா?"

"இருக்கலாம் சங்கர். பாத்துட்டுச் சொல்லலாம். முதல்ல குவாரிக்குப் போங்க. அங்கிருந்து ஒவ்வொரு இடமா இறங்கி வரலாம்."

தொண்ணூற்றாறாம் வருடத்துச் சித்திரை. மழை முகத்தைப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. தென்னைகள் மட்டையைத் தொங்கவிட்டு நின்றன. குவாரியிலிருந்து ஒரே ஒரு தார் ரோடு ஊரை நோக்கி இறங்கியது. அதில் முதலில் பள்ளிக்கூடம், பாதி வழியில் ஒரு டீக்கடை, இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கடைசியில் ராசாத்தாள் தோட்டமும் அதை ஒட்டி லட்சுமணசாமி தோட்டமும்.

பள்ளிக்கூடத்தில் கோமளா வாத்தியார்களைத் தேடவில்லை. நேரே சத்துணவுக்கூடத்துக்குப் போய், சமையல் அம்மாவிடம் கேட்ட கேள்வியைக் கேட்டுக் கிருபாசங்கருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஏனுங்கக்கா, அன்னைக்குக் குவாரியில வெடி போட்டப்ப உங்க தட்டெல்லாம் சத்தம் போட்டுச்சுங்களா?"

"சாயங்காலம் கழுவி அடுக்கறப்ப நெதமும் கிணுகிணுங்குமுங்க அம்மணி. குவாரி இந்தா பக்கத்துல இருக்குதல்லோ."

"அன்னைக்கு அதிகமா?"

"அதெல்லாம் இல்லீங்க. என்னைக்கும் போலத்தான். ஒரு தட்டுக்கூட நகரலை."

டீக்கடையில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றை ஒன்று உரசும்படி அடுக்கியிருந்தன. கோமளா அதே கேள்வியைக் கேட்டார். கடைக்காரர் சிரித்தார். "டம்ளரு எங்கீங்க சத்தம் போடும்? இந்த வாழைத்தாரு மட்டும் மெல்ல ஒரு ஆட்டம் ஆடும். தெனமும் அவ்வளவுதான். அன்னைக்கும் அவ்வளவுதானுங்க."

கிருபாசங்கர் நோட்டை எடுத்து 'வாழைத்தார்' என்று எழுதி, பிறகு அடித்துவிட்டார்.

ராசாத்தாள் வாசலிலேயே நின்றிருந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஆனால் கண் கிணற்றுப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

"எங்கிட்டக் கூலிக்கு வந்த மனுசனுங்க அம்மணி. எப்படி மறக்கறது?" என்றார்.

கொங்கு நாட்டில் பெண்ணுக்குச் சீராக வந்த பாத்திரங்களை சுவரின் மேல்தட்டான அட்டாலியில் வரிசையாக அடுக்கி வைப்பது வழக்கம். சமையல் செய்வதற்கு அல்ல, வருகிறவர் பார்ப்பதற்கு. ராசாத்தாள் வீட்டிலும் எவர்சில்வர் குண்டாக்களும் தூக்குப்போசிகளும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. அதில் இரண்டு குண்டாக்கள் நெளிந்திருந்தன.

"இது எப்படி நெளிஞ்சுதுங்க?"

"அன்னைக்கு உழுந்துதுங்க. அத்தனை பாத்திரமும் கலகலன்னு ஒரே சத்தம். பேய் புகுந்த மாதிரி இருந்துது."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல தூக்குவிளக்கு மட்டும் கொஞ்சம் அசையுமுங்க. பாத்திரம் ஒரு நாளும் பேசுனதில்லை."

கிணறு பெரிய சதுரக் கிணறு. மூன்று பக்கச் சுவரும் நன்றாகத்தான் இருந்தன. மேற்குப் பக்கம் மட்டும், லட்சுமணசாமியின் வேலியை ஒட்டிய பக்கம், மொத்தமாகச் சரிந்து கிடந்தது. குவாரி வடக்கே இருந்தது.

"தண்ணி இல்லையே?" என்றார் கோமளா.

"தூர் வார்றதுக்காக எறைச்சுட்டோமுங்க. மறுநாள் இடுப்பளவு ஊறியிருக்கோணும். ஊறவே இல்லை. ஊத்து கண்ணை மூடிருச்சு போல."

லட்சுமணசாமி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவரே கூப்பிட்டார். வெள்ளை வேட்டி, நல்ல உயரம். "வாங்க அம்மணி, வாங்க. வெயில்ல நிக்காதீங்க" என்று கூட்டிப்போய் மோர் கொடுத்தார். பழக இனிமையான மனிதர். கிருபாசங்கருக்கு உடனே பிடித்துவிட்டது.

"ராசாத்தா பாவமுங்க. ஆனா நெசத்தைச் சொல்லோணுமுன்னா, எனக்குத்தான் சேதம் சாஸ்தி" என்று உள்ளே அழைத்துப்போய் ஒரு அலமாரியைக் காட்டினார். கண்ணாடிக் கதவு நொறுங்கியிருந்தது. "மக சீருக்குன்னு வாங்கி வெச்ச கண்ணாடிச் செட்டு. பூராம் போச்சு. பாத்திரமெல்லாம் துள்ளி உழுந்துது. அவ ஊட்டுல ரெண்டு குண்டா. எனக்கு ஒரு அட்டாலியே காலி. பெட்டிசன்ல இதையும் எழுதியிருக்கறேன். அந்த ரசாக்கை விடக்கூடாதுங்க."

"ஆமாங்கண்ணா, உங்களுக்குத்தான் சாஸ்தி" என்றார் கோமளா. அவர் குரலில் இருந்த திருப்தி கிருபாசங்கருக்கு விளங்கவில்லை. "உங்க கிணத்துக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அது வறண்டு கெடக்குதுங்க. மோட்டாரு வேற காயில் போயிருச்சு. கட்டறதுக்குக் கொடுத்து ஒரு வாரமாச்சு. கொழந்தைங்க எட்டிப் பாத்து உழுந்துருமுன்னு கீத்துப் போட்டு மூடி வெச்சிருக்கறேன்."

ஸ்கூட்டருக்குத் திரும்பும்போது கிருபாசங்கர் குறுக்கு வழி என்று தென்னைகளுக்கு நடுவே இறங்கினார். நாலடி வைத்ததும் கால் பொதக்கென்று புதைந்தது. காலை இழுத்தார், கால் வந்தது, செருப்பு வரவில்லை. கையை விட்டுத் தோண்டி எடுத்து, தென்னை மட்டையில் தேய்த்துக்கொண்டே புலம்பினார்.

"போன மாசம் வாங்கின செருப்பு மேடம்! ஊரே தண்ணியில்லாமக் காயுது, எனக்குன்னு ஒரு சேறு!"

கோமளா நின்றார். "எங்க மிதிச்சீங்க?"

"அதோ, அந்த வாய்க்கால்ல."

கோமளா வாய்க்காலைப் பார்த்தார், தென்னையைப் பார்த்தார், பிறகு அவருடைய செருப்பைப் பார்த்துச் சிரித்தார். "புதுச் செருப்பு நான் வாங்கித் தர்றேன் சங்கர். இன்ஸ்பெக்டரைப் பாக்கப் போலாம்."

இன்ஸ்பெக்டர் அரங்கசாமி லேசில் சம்மதிக்கவில்லை. விபத்துக்குப் பிறகு குவாரியை மூடி வைத்திருந்தார்கள். ஆனால் கோமளா கேட்டது ஒன்றே ஒன்று: அன்று போட்ட அதே அளவில், அதே வரிசையில், குவாரி ஃபோர்மேன் ஒரு முறை வெடிக்க வேண்டும், பக்கத்தில் ஒரு ஏட்டு நின்று எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். ராசாத்தாளின் கிணற்றுப் பக்கம் யாரும் போகக்கூடாது. "தப்பான ஆளை உள்ளே வெச்சா நாளைக்கு உங்களுக்குத்தானே சங்கடம்?" என்றார். அது வேலை செய்தது.

மறுநாள் சாயங்காலம் ராசாத்தாள் வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் கூட்டம் கூடியது. சுவரோரமாக ரசாக் கைகட்டி நின்றார். அவரைச் சுற்றி நாலடி காலியாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பழனியாத்தாள் எதிர்மூலையில் நின்று அவரை முறைத்துக்கொண்டிருந்தாள். லட்சுமணசாமி இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெளிந்த குண்டாக்களைத் தட்டிச் சரிசெய்து, பாத்திரங்களை அன்றிருந்த வரிசையிலேயே அடுக்கியிருந்தார் ராசாத்தாள்.

"எல்லாரும் அட்டாலியைப் பாருங்க" என்றார் கோமளா.

தூரத்தில் சங்கு ஊதியது. தரை யாரோ தோளைத் தொட்டதுபோல் மெல்ல அசைந்து கொடுத்தது. தூக்குவிளக்கு ஒரு சின்ன ஆட்டம் ஆடியது. சில நொடி கழித்து 'தும்' என்று சத்தம் வந்தது. அவ்வளவுதான். குண்டாக்களும் போசிகளும் அடக்க ஒடுக்கமாக நின்றன.

"இதுதானுங்க நெதமும் வர்றது" என்றார் ராசாத்தாள்.

"அப்ப அன்னைக்கு மருந்தைக் கூட்டித்தான் போட்டிருக்கறான்!" என்று எழுந்தார் லட்சுமணசாமி.

"கூட்டிப் போட்டிருந்தா முதல்ல யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்றார் கோமளா. "குவாரிக்குப் பக்கத்துல இருக்கற சத்துணவுக்கூடத்துக்கு. அங்க தட்டு என்னைக்கும் போலத்தான் கிணுகிணுத்துச்சு. டீக்கடையில டம்ளர் சத்தமே போடலை. அதிர்வு கிளம்பின இடத்திலிருந்து தள்ளிப் போகப் போகக் குறையும். பள்ளிக்கூடத்துல கொஞ்சம், டீக்கடையில அதைவிடக் கொஞ்சம். அதையும் தாண்டி இங்க வந்து திடீர்னு குண்டாவை உருட்டுமா?"

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "அடியில பாறை நேரா ஓடி, அது வழியா இங்க வந்து தாக்கியிருக்கலாமில்லீங்களா?"

"நல்ல கேள்விங்க சார்." கோமளா பழனியாத்தாள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பக்கத்து ஊர் கோயில் நோம்பியில ஜமாப் அடிச்சா உங்க ஊட்டுக்கு என்ன கேக்கும்?"

பழனியாத்தாள் எதிர்பார்க்கவில்லை. "டொம்மு டொம்முனு பெரிய மேளங்க."

"ஜால்ரா?"

"அது எங்கீங்க அத்தனை தூரம் கேக்கும்? பக்கத்துல போனாத்தான் காதைக் கிழிக்கும்."

"நிலத்துக்குள்ளயும் அதே கதைதான். வெடிச்ச இடத்துல வேகமான நடுக்கமும் கிளம்பும், மெதுவான ஆட்டமும் கிளம்பும். வேகமா நடுங்கறது ஒவ்வொரு அடிக்கும் பாறையையும் மண்ணையும் பல தடவை உரசிக்கிட்டே வரும். அந்த உரசல்லயே அதோட சக்தி சூடாகிக் கரைஞ்சு போயிரும். மெதுவான ஆட்டம்தான் தூரம் தாங்கும். நல்ல பாறை கொஞ்சம் கூடுதலாக் கடத்தும். ஆனா அதுலயும் வேகமானதுதான் முதல்ல கரையும். தூக்குவிளக்கை அசைக்க மெதுவான ஆட்டம் போதும். பாத்திரத்தோட பாத்திரம் மோதிக் கலகலன்னு சத்தம் வரணும்னா அந்த வேகமான நடுக்கம் வேணும். ரெண்டு கிலோமீட்டர் தள்ளி வெடிச்ச ஜால்ரா இந்த அட்டாலியில கேக்காது சார். இப்பத்தான் எல்லாரும் பார்த்தோமே."

கிருபாசங்கருக்குப் பொட்டில் அடித்ததுபோல் விளங்கியது. வழி நெடுகக் கோமளா கேட்டது பாத்திரத்தைப் பற்றி அல்ல. வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை, ஒரு அதிர்வுமானி சும்மா உட்கார்ந்திருக்க, அவர் அதைப் படித்துக்கொண்டே வந்திருக்கிறார்!

"அப்படீன்னா..." என்று அவரால் அடக்க முடியவில்லை. "அன்னைக்கு ரெண்டாவதா ஒரு வெடி! இங்கேயே, பக்கத்துல!"

"ஆமா சங்கர். குவாரிச் சங்கு தினமும் ஒரே நேரத்துல ஊதும். அதோட சேர்த்து இன்னொரு வெடியை வெச்சா, யார் பிரிச்சு எண்ணப் போறாங்க? குவாரியில வரிசையாத்தான் வெடிக்கும். நல்ல யோசனை. ஆனா பாத்திரம் எண்ணிருச்சு."

"யாரு வெச்சதுங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ராசாத்தாக்கா வீட்டைவிட அதிகமா எங்க அதிர்ந்துச்சோ, அதுக்குப் பக்கத்துலதான் வெடிச்சிருக்கணும். அது எந்த வீடுன்னு நான் தேடவே வேண்டியதில்லை. ஒருத்தர் தானாகவே பெட்டிசன்ல எழுதிக் கொடுத்துட்டார்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். லட்சுமணசாமியின் முகம் வெளுத்தது. குற்றச்சாட்டுக்குக் கனம் சேரட்டும் என்று தன் வீட்டுக் கண்ணாடியையும் சேர்த்து ஏற்றிய மனிதர், எந்தத் தராசில் ஏற்றினோம் என்பதை அப்போதுதான் பார்த்தார்.

"என்னங்க அம்மணி, விளையாடறீங்களா? வறண்ட கெணத்துல எனக்கென்ன வெடி?"

"வறண்ட கிணறு, மோட்டார் காயில் கட்டப் போய் ஒரு வாரம். அப்படின்னா உங்க தென்னை வாய்க்கால்ல எங்க சங்கரோட செருப்பு எப்படிங்கண்ணா புதைஞ்சுது?"

கிருபாசங்கர் பெருமையோடு செருப்பைத் தூக்கிக் காட்டினார். யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் காட்டினார்.

"சரிஞ்சது உங்க வேலிப் பக்கத்துச் சுவர் மட்டும்" என்று கோமளா தொடர்ந்தார். "அன்னையிலிருந்து இந்தக் கிணத்துல ஊத்து இல்லை. உங்க வாய்க்கால்ல தண்ணி. சார், அந்தக் கீத்தை விலக்கிப் பாத்துரலாம்."

கூட்டமே வேலியைத் தாண்டியது. ஏட்டுகள் கீற்றுகளை இழுத்துப் போட்டார்கள். உள்ளே மோட்டார் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. கிழக்குச் சுவரின் அடியில், ராசாத்தாள் கிணற்றைப் பார்த்தபடி, பாறை வெள்ளையாகப் புதிதாகப் பிளந்திருந்தது. பிளவுக்குள் இரண்டு துண்டு வெடி ஒயர். பிளவிலிருந்து தண்ணீர் சளசளவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அது யாருடைய ஊற்று என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லட்சுமணசாமி கிணற்றுத் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "லைசென்சு இல்லாத ஒரு கோஷ்டியைப் புடிச்சு வெடி வெச்சேனுங்க. பக்கவாட்டுல கொஞ்சம் ஒடைச்சா ஊத்து இந்தப் பக்கம் திரும்புமுன்னாங்க. நட்ட தென்னை கண்ணு முன்னாடி காயறதைப் பாக்க முடியலீங்க. அந்தக் கெணத்துக்குள்ள ஆளு இருந்தது சத்தியமாத் தெரியாதுங்க."

"தெரிஞ்ச பின்னாடி?" என்றார் கோமளா.

தெரிந்த பின்னாடிதான் அவர் பெட்டிசன் எழுதினார். இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை வைத்து எழுப்பிக் கூட்டிப்போனார். ராசாத்தாள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

கூட்டம் கலையாமல் நின்றது. நாலு நாளாக ஒரு மனிதனைச் சாடிய வாய்கள் இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவித்தன. ரசாக் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வாரேனுங்கம்மா. சின்னானை ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேன்" என்று கோமளாவிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

"பாய்! நில்லுங்க."

பழனியாத்தாள் ராசாத்தாள் வீட்டுக்குள் ஓடினாள். அட்டாலியிலிருந்த சீர்ச் சொம்பு ஒன்றை, ஒரு நாளும் புழங்காத சொம்பை, எட்டி எடுத்தாள். குடத்து அடியில் இருந்த தண்ணீரை அதில் ஊற்றினாள். ராசாத்தாள் தடுக்கவில்லை, தலையை ஆட்டினார். மண்ணை வாரிய அதே கைகள் இப்போது சொம்பை நீட்டின. அவசரத்தில் தண்ணீர் தளும்பி ரசாக்கின் காலில் சிந்தியது.

"முதல்ல தண்ணி குடிங்க" என்றாள்.

ரசாக் இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். பிறகு சொம்பை அவளிடம் கொடுத்துவிட்டு, "வா ஆத்தா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். அவங்கிட்ட நீயே சொல்லு" என்றார்.